பேலன்ஸ் பீம்: தரைக்கோட்டிலிருந்து 125 செ.மீ. உயரம் வரை

பேலன்ஸ் பீம் என்பது பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் மேலே ஏறி வித்தை செய்யும் ஒடுங்கிய கட்டை. அதன் நீளம் 5 மீட்டர். தரையிலிருந்து உயரம் 125 செ.மீ. அகலம் 10 செ.மீ. பார்க்க வருபவர்கள் உயரத்தைக் கண்டு பயப்படுவார்கள். ஆடுபவரைக் கீழே தள்ளுவது அகலம்தான். முன்னாலோ பின்னாலோ சாய்ந்தால் ஓர் அடி எடுத்து வைத்துத் தப்பிக்க 5 மீட்டர் கட்டை இருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் கால் வைக்க இடமே கிடையாது. கணுக்கால்தான் சமாளிக்க வேண்டும், அதனால் முடிவதோ கொஞ்சம்தான்.

அதனால் பீமில் சொல்லிக்கொடுக்கும் நடை, குதி, சுழற்சி, ஃபிளிக் (பின்னால் பாய்ந்து கை ஊன்றிப் புரள்வது) எல்லாவற்றையும் ஒரே கேள்வி கேட்டுச் சோதித்துவிடலாம்: இதில் உடம்பு எப்போது பக்கவாட்டில் விலகத் தொடங்குகிறது? இரண்டு இடுப்பெலும்பும் இரண்டு தோளும் பீமின் முனையைப் பார்த்து நேராக நின்றால், கால் தானாகவே கட்டையில் வந்து இறங்கும். "கால் வழுக்கிவிட்டது" என்று பிள்ளைகள் சொல்லும்போது பெரும்பாலும் கால் மேல் குற்றம் இருக்காது. அதற்கு அரை நொடி முன்னாலேயே தோள் திரும்பியிருக்கும்.

கோச் ஒருவர் பக்கத்தில் நிற்கும் பயிற்சிக்கூடத்துக்காக எழுதியது இது. வீட்டில் தரைக்கோட்டு நடையும் சுழற்சியும் செய்யலாம். பின்பக்கம் வளைவதோ புரள்வதோ எதுவும் வீட்டில் வேண்டாம்.

கட்டையும் மேட்டும்

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீராங்கனை ஒல்கா கோர்பட் பீமின் மேல் பேக் சால்டோ (கை ஊன்றாமல் பின்னால் போடும் கரணம்) அடித்தபோது காலுக்குக் கீழே இருந்தது வழவழப்பான மரம். இன்றைய பீமில் உள்ளே உறுதியான சட்டம், அதன் மேல் மெல்லிய ஃபோம், அதற்கு மேல் மெல்லிய தோல் போன்ற சொரசொரப்பான உறை. கை, கால் பிடிமானம் நன்றாகக் கிடைக்கும். ஆனால் உறை தேய்ந்து பளபளத்துப் போன பீம் பழைய மரக்கட்டையைவிட மோசமாக வழுக்கும். நடுப்பகுதியும் டிஸ்மவுண்ட் (ஆட்டத்தை முடித்து இறங்கும்) முனையும்தான் முதலில் தேயும். உறையைக் கையால் தடவினாலே தெரிந்துவிடும்.

ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சிலதான், தினமும் பார்க்க வேண்டும். இரண்டு கால்தாங்கிகளிலும் உயரத்தை நிறுத்தும் ஊசி ஒரே துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளை மாறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, முன்னால் ஓடிக் குதிக்கும்போது தெரியும். இடுப்பால் பீமைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கிறீச் என்றாலோ ஆடினாலோ போல்ட்டை இறுக்குங்கள். மேட் 20 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும். இரண்டு மேட் சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அங்கே கணுக்கால் பிசகும். இறங்கும் இடத்தில் இணைப்பு வராதபடி மேட்டை நகர்த்திப் போடுங்கள். தாங்கியின் அடிப்பாகம் மேட்டுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் ஒரு மெத்தை.

உயரத்தை ஐந்து படியாக ஏற்றலாம்:

1. தரையில் 10 செ.மீ. அகலத்தில், 5 மீட்டர் நீளத்துக்கு ஒட்டிய டேப்.
2. தரையோடு படிந்த பீம்.
3. முழங்கால் அளவுக்குள் அடங்கும் தாழ்ந்த பீம்.
4. முழு உயர பீம், ஆனால் இரு பக்கமும் மேட்டை அடுக்கி மேற்பரப்புக்குக் கிட்டத்தட்ட சமமாக ஏற்றியது.
5. முழு உயரம், வழக்கமான மேட்.

ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக நல்ல கணக்கு இது: யாரும் தொடாமல் பத்தில் எட்டு முறை கட்டையில் நிற்க வேண்டும், அதுவும் தொடர்ந்து இரண்டு பயிற்சி நாட்களில். ஒரே நாளில் பத்துக்குப் பத்து வந்துவிட்டது என்று உற்சாகத்தில் ஏற்றாதீர்கள். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உயரத்தைக் கூட்டுகிறீர்களா, கோச் பிடித்துக்கொள்ளட்டும். கோச் விலகுகிறாரா, உயரம் பழையபடியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், தவறு வரும்போது எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

விழுவதை முதலில் பழக்குங்கள்

இதைத் தள்ளிப்போடும் கூடங்களில்தான் கையெலும்பு முறிகிறது. விழப்போகும் நொடியில் பிள்ளை இயல்பாகச் செய்வது, கையைப் பின்னால் நீட்டித் தரையில் ஊன்றுவது. முழு எடையும் நேராக நீட்டிய முழங்கையில் இறங்கும். அதற்குப் பதிலாகப் பழக்க வேண்டியது: தடுமாற்றம் கைமீறிவிட்டது என்று தெரிந்த உடனே கட்டையிலிருந்து தானாகக் குதித்துவிடுவது. இரண்டு காலும் சேர்ந்து இறங்கி, முழங்கால் மடங்கி, தேவைப்பட்டால் அப்படியே பின்னால் உருண்டுவிட வேண்டும். கைகள் மார்புக்கு முன்னால்.

தாழ்ந்த பீமில் நிற்கவைத்து, "வலது", "இடது", "பின்னால்" என்று நீங்கள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் குதிக்கச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் பத்து முறை போதும்.

கால் இரு பக்கமும் வழுக்கி, பீம் தொடைகளுக்கு நடுவே வந்து மோதும் விழுகை தனி. வலி கடுமையாக இருக்கும், அதன் பிறகு பல வாரம் பயமும் இருக்கும். அதற்கான பழக்கம், கால் நழுவியதும் இரண்டு கையையும் முன்னால் பீமில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு இறங்குவது. முதலில் பீமில் கால் பரப்பி உட்கார்ந்த நிலையிலிருந்து, கையூன்றி எழும்பிப் பக்கவாட்டில் குதிக்கப் பழக்கலாம்.

நிற்பதும் நடப்பதும்

ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முன்காலின் குதிகால், பின்காலின் பெருவிரலுக்குப் பக்கத்தில். பாதம் இரண்டும் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருப்பதால் விரல்கள் பீமின் ஓரத்தைத் தொடும். அந்தத் தொடுகைதான் கண்ணுக்குப் பதிலாக வேலை செய்கிறது. பாதம் திரும்பலாம், அதோடு சேர்ந்து இடுப்பு திரும்பக் கூடாது. இடுப்பெலும்பின் மேல் விரல் வைத்துப் பார்த்தால் இரண்டு விரலும் பீமின் முனையைக் காட்ட வேண்டும்.

வயிறு உள்ளே, விலா கீழே, தோள் காதை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கைகள் பக்கவாட்டில், ஆனால் உடம்புக்குச் சற்று முன்னால். நேரே பார்க்கும்போதே இரண்டு கையும் ஓரக்கண்ணில் தெரியும் அளவுக்கு. கண் பீமின் முனையில். காலைப் பார்த்தால் தலை குனியும், தலை குனிந்தால் முதுகு வளையும், அப்புறம் கால் எங்கே இருந்தாலும் பயனில்லை.

நடை மூன்று வகையாவது தினமும் வேண்டும். முதலாவது, காலை முன்னால் கொண்டுவரும்போது பாதத்தின் ஓரம் பீமின் பக்கச்சுவரை உரசியபடி கீழே போய் மேலே வருவது. இதில் நிற்கும் காலின் முழங்கால் மடங்கி நிமிரும். இரண்டாவது, குதிகாலை முழுதாகத் தூக்கி முன்பாதத்தில் நடப்பது. குதிகால் பாதி உயரத்தில் நின்றால் கணுக்கால் ஆடும், முழு உயரத்துக்குப் போனால் எலும்புகள் பூட்டிக்கொண்டது போல் நிற்கும். மூன்றாவது, பின்னோக்கி நடப்பது. பெருவிரல் பீமைத் தொட்ட பிறகுதான் எடையை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் நாலு நீளம். இதையே கை இரண்டையும் காதோடு உயர்த்தி இன்னொரு முறை செய்தால் தோளில் எந்தப் பக்கம் இறுக்கம் என்பது வெளிப்படும்.

தடுமாறினால் என்ன செய்வது? முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, வயிற்றை இறுக்கி, கையை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். கையைச் சுழற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுழலும். அடுத்த நொடியில் அதைச் சரிசெய்ய இன்னொரு வீச்சு தேவைப்படும். காலைத் தூக்கிச் சமாளிப்பது அதைவிட மோசம், நிற்கும் இடமே பாதியாகிவிடுகிறது.

ஏறுவது

மவுண்ட்டில் நீண்ட பேச்சு வேண்டாம். தொடக்கத்தில் இரண்டு கையையும் பீமில் வைத்து எழும்பி, ஒரு காலை மேலே சுழற்றிப் போட்டு உட்காருவது போதும். அடுத்து, ஸ்பிரிங்போர்டில் மிதித்து, கைகளுக்கு நடுவே இரண்டு காலையும் மடக்கிக் கொண்டுவந்து நிற்பது. இதில் வரும் ஒரே பிரச்சினை, இடுப்பு கைக்கு மேலே வருவதற்கு முன் காலை இழுப்பதுதான். கால்விரல் பீமில் தட்டும். முதலில் இடுப்பு, பிறகு கால். போட்டியில் கால் போர்டை விட்டோ மேட்டை விட்டோ கிளம்பிய உடனே கடிகாரம் ஓடத் தொடங்கும். மொத்தம் 90 நொடி.

குதிகள்

ஸ்ட்ரெயிட் ஜம்ப் (உடம்பை நேராக வைத்து), டக் ஜம்ப் (முழங்காலை மடக்கி), ஸ்பிளிட் ஜம்ப் (ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் விரித்து), ஸ்பிளிட் லீப் (அதையே ஒரு காலில் கிளம்பி மறுகாலில் இறங்கி) என்ற வரிசையில் போங்கள். கிளம்பும்போது மார்பு நிமிர்ந்திருக்க வேண்டும். கை மேலே போவதும் கால் கட்டையை விடுவதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். கை முந்தினால் உயரம் கிடைக்காது, பிந்தினால் உடம்பு முன்னால் சாயும்.

இறங்குவதுதான் பாடம். முன்பாதம் தொட்டு, குதிகால் படிந்து, அதே ஓட்டத்தில் முழங்கால் மடங்க வேண்டும். இரண்டு காலில் இறங்கினால் ஒன்று சற்று முன்னே இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வைக்க 10 செ.மீ.யில் இடமில்லை என்பது தரையில் பழகி வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் உறைக்காது.

ஸ்பிளிட் லீப்பில் 180 பாகை திறக்க வேண்டும். 20 பாகை வரை குறைந்தால் மதிப்பெண்ணில் 0.10 போகும், அதற்கு மேல் 45 வரை 0.30. இங்கே பிள்ளைகள் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு: பின்காலை உயர்த்த முடியாதபோது இடுப்பைத் திருப்பிவிடுவார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்பிளிட் அழகாகத் தெரியும். பீமின் முனையில் நின்று பார்த்தால், பின்கால் கட்டைக்கு மேலே இல்லாமல் வெளியே எங்கோ நிற்கும். இறங்கும்போது அந்தக் கால் சுற்றிக்கொண்டு வந்து உடம்பை இழுக்கும். கோச் பக்கத்தில் மட்டும் நிற்காமல் முனையிலும் நின்று பார்க்க வேண்டியது இதனால்தான். தொடையின் முன்பக்கத் தசை இறுகியிருந்தால் பீமில் எத்தனை முறை செய்தாலும் மாறாது. அதற்குத் தரையில் பின்காலை மேட்டின் மேல் ஏற்றிவைத்த ஸ்பிளிட், ஒரு பக்கம் ஒரு நிமிடம் வீதம் தினமும்.

சுழற்சி

ஒற்றைக்கால் முழுச் சுழற்சியை யாரும் மெனக்கெட்டுப் பழகுவதில்லை, அதனால் போட்டியில் நிறையப் பேர் தடுமாறுவது இதில்தான். 2016 ரியோவில் நெதர்லாந்தின் சன்னே வெவர்ஸ் 15.466 எடுத்துத் தங்கம் வாங்கியது, ஒன்றோடொன்று இணைத்த சுழற்சிகளை மையமாக வைத்த ஆட்டத்தால். அதே இறுதியில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் முன் சால்டோவுக்குப் பிறகு பீமில் கை ஊன்றி, 14.733-உடன் வெண்கலத்தில் நின்றார். கீழே விழாமலிருக்கக் கட்டையைப் பிடித்தால் 0.50 போய்விடும்.

செய்முறை: முன்கால் மடங்கி, பின்கால் நீட்டிய நிலையில் தொடங்குங்கள். எடை கிளம்புவதற்கு முன்பே முன்காலுக்கு மேல் வந்துவிட வேண்டும். பின்கால் தள்ளிவிட்டு, விரல்நுனி நிற்கும் காலின் முழங்காலுக்கு வரும். அதே நேரத்தில் நிற்கும் குதிகால் முழு உயரத்துக்கு எழும். கண் பீமின் முனையை விடாமல் பிடித்திருந்து, கடைசியில் தலை சட்டென்று திரும்பி மறுபடி அதே முனையைப் பிடிக்க வேண்டும். சுற்று முடிந்ததும் குதிகாலை இறக்கி நிறுத்துங்கள்.

தவறுகள் மூன்று. கையை அகலமாக வீசித் தொடங்கினால், கிடைக்கும் வேகத்தைவிடக் கிடைக்கும் சாய்வு அதிகம். தொடக்கத்தில் கை இடுப்பகலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. திரும்பும் பக்கத் தோள் கீழே இறங்கினால் அந்தப் பக்கமே விழுவார்கள். குதிகால் சீக்கிரம் இறங்கினால் சுற்று அங்கேயே முடிந்ததாக நடுவர் எடுத்துக்கொள்வார், மிச்சத்தை நிற்கும் கால் முறுக்கி முடித்தாலும் கணக்கில் வராது.

குந்தி உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிச் சுழலும் உல்ஃப் டர்ன் இப்போது பலருக்கும் பிடித்தமானது. எடை தாழ்வாக இருப்பதால் எளிது என்று நினைக்கிறார்கள். நீட்டிய கால் ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் கட்டையில் உரசி நின்றுவிடும். தொடை வலுவில்லாத சிறு பிள்ளைகளுக்கு இதை அவசரப்பட்டுக் கொடுப்பதில் லாபமில்லை, முழங்காலுக்கும் நல்லதில்லை.

கார்ட்வீலும் சாக்பொடித் தடமும்

அக்ரோ என்றால் புரளும், கரணம் போடும் வித்தைகள். அதில் முதலாவது கார்ட்வீல், கை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம் போலப் புரள்வது. அதற்கு முன்னால் பீமில் ஹேண்ட்ஸ்டாண்ட் (கை ஊன்றித் தலைகீழாக நிற்பது) இரண்டு நொடியாவது நிற்க வேண்டும்.

தரைக்கோட்டில் செய்யும்போது இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு பாதத்திலும் சாக் பூசிவிடுங்கள். ஒரு கார்ட்வீல் முடிந்ததும் தரையில் நாலு வெள்ளைத் தடம் இருக்கும்: கை, கை, கால், கால். கோச் சொல்வதை நம்பாத பிள்ளையும் இதை நம்பும். முதல் கையே கோட்டுக்கு வெளியே என்றால், தொடங்கும் லஞ்சிலேயே (முன்கால் மடங்கி, பின்கால் நீண்ட நிலை) இடுப்பு திரும்பியிருக்கிறது. முதல் கை சரி, இரண்டாவது வெளியே என்றால், தோள் காதுக்குப் பக்கத்தில் இல்லை. கையை எட்டி வைக்காமல் கீழே போட்டிருக்கிறார். இரண்டு கையும் சரி, முதல் கால் வெளியே என்றால், கால் தலைக்கு மேலே போகாமல் பக்கத்தில் சுற்றி வந்திருக்கிறது, இடுப்பு மடங்கியிருக்கும். கடைசிக் கால் மட்டும் வெளியே என்றால், எழும்போது மார்பு சீக்கிரம் திறந்துவிட்டது. நாலும் கோட்டில், அதிலும் நடுக்கோட்டில் விழும்வரை தரைதான்.

முடிக்கும்போது வந்த திசையைப் பார்த்து லஞ்சில், கை காதோடு. பீமில் இறங்கும் முதல் காலைக் கண்ணால் தேடக் கூடாது, கைகளுக்கு நடுவே கட்டையைப் பார்த்தபடியே இறங்கினால் கால் அந்தக் கோட்டிலேயே வரும்.

பேக் வாக்கோவரும் ஃபிளிக்கும்

பேக் வாக்கோவரில் (பின்னால் வளைந்து கை ஊன்றி, ஒவ்வொரு காலாகப் புரட்டி எழுவது) கை வைப்பதைப் பழக்கிவிட்டால் ஃபிளிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. இரண்டு கட்டைவிரலும் கட்டையின் மேல் ஒட்டி இருக்கும், உள்ளங்கையின் அடிப்பாகம் மேற்பரப்பில், மற்ற விரல்கள் இரு ஓரத்தையும் தழுவி இறங்கும். தரையில் வைப்பது போலத் தோளகலத்தில் கை வைத்தால் இரண்டும் வெற்றிடத்தில்தான் போய் நிற்கும். அதனால் தரையில் செய்யும்போதே கையைக் குறுக்கி வைக்கப் பழக்குங்கள்.

கால் பிரித்து இறங்கும் ஃபிளிக்கின் வரிசை இது. டம்பிள் டிராக்கில் (நீளமான துள்ளு தளம்) அல்லது டிராம்போலினில் வடிவம், தரைக்கோட்டில் திசை, தரை பீமில் இரு பக்கமும் மேட் வைத்துக் கை வைக்கும் இடம், தாழ்ந்த பீம், மேட் அடுக்கிய உயர பீம், பிறகு ஒவ்வொரு மேட்டாக எடுப்பது.

தரை ஃபிளிக்குக்கும் பீம் ஃபிளிக்குக்கும் வித்தியாசம் உண்டு. தரையில் நிறையப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து வேகம் எடுப்போம், அடுத்து ஒரு சால்டோ இருக்கிறதே. பீமில் அந்த வேகம் வேண்டாம். சற்றே உட்கார்ந்து, மேலும் பின்னும் நீண்டு, கை காதோடு ஒட்டிப் போக வேண்டும். கை கட்டையைத் தொடும் முன்பே கட்டை கண்ணில் பட வேண்டும். காலிரண்டும் ஸ்பிளிட்டில் திறந்து, முதல் கால் இறங்கியதும் மற்றது பின்னால் வந்து லஞ்சில் நிற்கும்.

எங்கே பிசகுகிறது? உட்காரும்போது முழங்கால் விரலைத் தாண்டி முன்னால் போனால், உடம்பு பின்னால் போகாமல் நின்ற இடத்திலேயே சுருளும். கை, கால் இருந்த இடத்துக்கே வந்து விழும், முழங்கை மடங்கும், தலை கட்டைக்குப் பக்கத்தில் வரும். ஆபத்தான தவறு இதுதான், இதைப் பார்த்த உடனே ஒரு படி கீழே இறக்குங்கள். தலையை முதலில் வீசினாலும் கிட்டத்தட்ட இதே விளைவு. எப்போதும் ஒரே பக்கம் விழுகிறார் என்றால், ஒரு கை மற்றதைவிட முந்துகிறது; பின்னாலிருந்து மெதுவியக்க வீடியோ எடுத்தால் இரண்டு மூன்று முயற்சியிலேயே தெரியும். கை சரியாக விழுந்து கால் மட்டும் தவறினால், ஸ்பிளிட் லீப்பில் இடுப்பைத் திருப்பும் அதே பழக்கம் தலைகீழாக வந்திருக்கிறது.

கோச் பிடிக்கும்போது ஒரு கை இடுப்பின் பின்னால், மற்றது தொடையின் பின்பக்கம். தாங்குவதற்காகப் பிடிப்பது, தூக்கிப் போடுவதற்காக அல்ல. தூக்கிப் பழகிய பிள்ளை கையை எடுத்ததும் எங்கே போகிறோம் என்று தெரியாமல் தவிப்பாள்.

அடுத்து பயம். நேற்று வரை நன்றாகச் செய்தவள் இன்று கையை உயர்த்தி நிற்கிறாள், போகமாட்டேன் என்கிறாள். அதட்டினால் போய்விடுவாள், ஆனால் பாதியில் நிறுத்துவாள், அதுதான் அடிபடும் வழி. இருபது நிமிடம் அப்படியே நிற்க விடுவதும் தப்பு. நிற்பதும் மறுப்பதும்தான் பழகும். மூன்று முறை தயாராகலாம், அதற்குள் போகவில்லையென்றால் தாழ்ந்த பீமுக்குப் போய் ஐந்து நல்ல ஃபிளிக், அன்றைய வேலை முடிந்தது. தோற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாமல் கோச் இதைச் சொல்ல வேண்டும்.

ஃபிளிக் தனியாக நின்ற பிறகுதான் தொடர், அதாவது இரண்டு வித்தைகளை நிற்காமல் இணைப்பது. ஃபிளிக்கும் பின் லேஅவுட்டும் (உடம்பை நேராக நீட்டிய சால்டோ) இணைத்தால் போட்டி விதி கேட்கும் அக்ரோ தொடர் நிபந்தனை நிறைவேறும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைநிறுத்தமோ கூடுதல் கைவீச்சோ வந்தால் நடுவர் அதை இணைப்பாக ஏற்கமாட்டார்.

இறங்குவது

தொடக்க நிலையில் பீமின் முனையில் ஹேண்ட்ஸ்டாண்ட் போட்டுக் கால்வாசித் திருப்பத்தோடு பக்கத்தில் இறங்கலாம். அடுத்தது ரவுண்ட்-ஆஃப் (கார்ட்வீல் போலப் புரண்டு இரண்டு காலையும் சேர்த்து இறங்குவது), பேக் சால்டோ. இங்கே அளவுதான் எல்லாம். ரவுண்ட்-ஆஃபின் இரண்டு காலும் பீமின் கடைசிப் பகுதியில் விழ வேண்டும். முன்னதாக விழுந்தால் சால்டோவில் தலை கட்டைக்குப் பக்கத்தில் வரும், தாண்டி விழுந்தால் பாதி பாதம் காற்றில். ஒவ்வொரு பிள்ளைக்கும் தரைக்கோட்டில் ரவுண்ட்-ஆஃபின் நீளத்தை அளந்து, தொடங்கும் கால் எங்கே என்று பீமில் சாக்கால் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். போட்டியிலும் சிறு அடையாளத்துக்கு அனுமதி உண்டு. பிள்ளை வளர வளர அந்தக் கோடு மாறும். போன வருடக் கோட்டை நம்பக் கூடாது.

இறங்கும்போது பாதங்களுக்கு இடையே இடுப்பகலம் இருக்கலாம், குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்துவிட்டால் மதிப்பெண் கழிவு இல்லை. சிறு அடி ஒன்றுக்கு 0.10.

2019 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் பைல்ஸ் பீமிலிருந்து இரட்டை முறுக்கோடு இரட்டை சால்டோ அடித்து இறங்கினார். அதற்கு எச் மதிப்பு (கடினத்தை ஏ, பி, சி என்று ஏறுவரிசையில் எழுத்தால் குறிப்பார்கள்) மட்டுமே கொடுத்தார்கள், பாதுகாப்பைக் காரணம் காட்டி. மதிப்பைக் குறைத்தால் யாரும் முயலமாட்டார்கள் என்ற வாதம் அப்போது பலருக்கு ஏற்கவில்லை. கழிவுக் கணக்கை மட்டும் பார்த்தால், நம் பிள்ளைகளுக்கு அசையாமல் நிற்கும் ஒற்றை சால்டோ தடுமாறும் கடினமான இறக்கத்தைவிட லாபம்.

மதிப்பெண் எப்படி வருகிறது

கடினத்துக்கு டி மதிப்பெண், செயல்திறனுக்கு 10-இலிருந்து கழித்து வரும் இ மதிப்பெண். இரண்டின் கூட்டல்தான் முடிவு. டி-யில் டிஸ்மவுண்ட்டையும் சேர்த்து எட்டு உறுப்புகள் (தனித்தனி வித்தைகள்) எண்ணப்படும். ஏ என்றால் 0.1, பி 0.2, இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் 0.1 கூடும். பாரிஸ் வரையான 2022–2024 விதிகளில் நிபந்தனைகள் நாலு, ஒவ்வொன்றுக்கும் 0.5: நடன உறுப்புகளின் இணைப்பு (அதில் ஒன்று 180 பாகை ஸ்பிளிட்டோ, கால்களைப் பக்கவாட்டில் விரிக்கும் ஸ்டிராடிலோ); ஒரு சுழற்சி; குறைந்தது இரண்டு பறக்கும் உறுப்பு கொண்ட அக்ரோ தொடர் (அதில் ஒன்று சால்டோ); வெவ்வேறு திசைகளில் அக்ரோ. ஒவ்வொரு ஒலிம்பிக் சுழற்சிக்கும் விதி திருத்தப்படுவதால் நடப்புப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிறுவர் போட்டிகளுக்குத் தனி விதி இருக்கும்.

ஓர் ஆட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஏ, மூன்று பி, இரண்டு சி, ஒரு டி: 0.2 + 0.6 + 0.6 + 0.4 = 1.8. நாலு நிபந்தனையும் நிறைவேறி 2.0. இணைப்புக்கு 0.1. டி மதிப்பெண் 3.9. இனி கழிவு: ஒரு விழுகை 1.00, மூன்று சிறு தடுமாற்றம் 0.30, ஒரு நடுத்தரத் தடுமாற்றம் 0.30, ஸ்பிளிட் இரண்டு இடத்தில் குறைவு 0.20, இறங்கியதும் ஓர் அடி 0.10. மொத்தம் 1.90, இ 8.10. முடிவு 12.00. விழாமல் இருந்திருந்தால் 13.00. ஒரு முழுப் புள்ளியைக் கடினத்தால் ஈடுகட்ட வேண்டுமானால் பத்து எழுத்துப் படி ஏற வேண்டும். விழுகை இன்னும் ஒன்றைக் கெடுக்கும்: கால் முதலில் கட்டையைத் தொடாமல் விழுந்தால் அந்த உறுப்பின் மதிப்பும் போகும், அதை நம்பியிருந்த நிபந்தனையும் போகும்.

2024 பாரிஸ் இறுதி இதற்குச் சாட்சி. பைல்ஸும் சுனிசா லீயும் விழுந்தார்கள். கட்டையிலேயே நின்ற இத்தாலியின் ஆலிஸ் டி'அமாட்டோ 14.366-உடன் தங்கம் வாங்கினார்.

ஒரு பயிற்சி நாள்

முக்கால் மணி நேரம் பீமில் கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம் நடையும் கால்வீச்சும், பிறகு பத்து நிமிடம் குதியும் சுழற்சியும். பதினைந்து நிமிடம் ஒரே ஒரு அக்ரோ. மூன்றைத் தொட்டு மூன்றையும் அரைகுறையாக விடுவதைவிட இது மேல். மீதி நேரம் அரை ஆட்டங்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முழு ஆட்டம் சேர்க்கலாம், நாளுக்கு மூன்று நாலு போதும். களைத்த காலோடு ஃபிளிக் வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்தில் புதிய வித்தை எதையும் தொடாதீர்கள். பீமுக்கு முன் மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு முன்தசைகளுக்குப் பதினைந்து நிமிட வார்ம்-அப் தனி.

முழு ஆட்டம் பழகும்போது விழுந்தால் உடனே இறங்கி முதலிலிருந்து தொடங்க விடாதீர்கள். ஏறித் தொடர்ந்து முடிக்கட்டும். போட்டியில் அதுதானே நடக்கப்போகிறது.

போட்டி நாள்

கருவி மாறியிருக்கும், உறை வேறு விதமாகப் பிடிக்கும். வார்ம்-அப்பில் ஆளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 30 நொடி. அதில் முழு ஆட்டம் முயல வேண்டாம். அக்ரோ தொடர் ஒன்று, ஒரு சுழற்சி, டிஸ்மவுண்ட் கோட்டைச் சாக்கால் போடுவது. நேரம் மிஞ்சினால் லீப். காலில் சாக் கொஞ்சமாக. அதிகம் பூசினால் பொடியே வழுக்கும்.

80 நொடியில் ஓர் எச்சரிக்கை ஒலி, 90-இல் இன்னொன்று. தாண்டினால் 0.10. முதல் ஒலி கேட்கும்போது டிஸ்மவுண்ட்டுக்கு முனையில் நின்றிருக்க வேண்டும். பயிற்சியில் 82, 83 நொடியில் முடிகிற ஆட்டம் என்றால் போட்டியில் ஒரு தடுமாற்றத்துக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

விழுந்துவிட்டால் மறுபடி ஏற 10 நொடி தரப்படும், தாண்டினால் மேலும் 0.30, 60 நொடிக்குள் ஏறாவிட்டால் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. அந்த 10 நொடியைப் பிள்ளைகள் பயத்தில் மூன்றாகச் சுருக்கிவிடுவார்கள், மூச்சிரைக்க ஏறி அடுத்ததிலும் விழுவார்கள். சாக் வைத்த இடத்துக்கு நடந்துபோய், கையைத் தட்டி, விட்ட இடம் எது, அடுத்த உறுப்பு எது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஏறப் பழக்குங்கள். ஏழெட்டு நொடிக்குள் முடிந்துவிடும். ஏறியதும் இடுப்பெலும்பு இரண்டும் முனையைப் பார்க்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.